தொட்டிக்குள் போட்ட சிப்பி

தூத்துக்குடி
9-11-1946

பிரியமுள்ள மகள் கிருபாபாய்க்கு அப்பா எழுதுவது. கர்த்தர் கிருபையால் நானும் உன் அம்மாவும் சுகம், அவளுக்கு முழங்கால் வலி மட்டும் மழைக்கு முன்னால் வந்து மழைக்குப் பின்னால் போகிறது. நாகபுரிக் குளிரில் நீயும் உன் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் சுகமாயிருக்க ஜெபிக்கிறோம். பாபநாசத்து ஓடையில் நீ துண்டால் பிடித்துவந்து, கிறிஸ்மஸ் லீவு வரை என் பொறுப்பில் விட்டுப்போன மூன்று மீன்களும் நலம் என்று போன கடிதத்தில் எழுதியிருந்தேன். அது பொய். ஒன்று அதற்கு முந்தின நாளே செத்துவிட்டது. சபை மூப்பன் என்று பேர் வைத்துக்கொண்டு பெற்ற மகளிடம் பொய் எழுதிவிட்டேன், மன்னித்துக்கொள்.

நம் கிணற்றுத் தண்ணீரில் பருப்பே வேகாது, மலை மீன் எப்படிப் பிழைக்கும் என்று நீ சொன்னபடி, மாசானம் வண்டியில் கொண்டுவரும் ஆற்றுத் தண்ணீரைத்தான் தொட்டியில் ஊற்றினேன். கடின நீரில் சோப்பு நுரைக்காது என்பதால், வாரம் ஒருமுறை தொட்டித் தண்ணீரைக் குப்பியில் எடுத்துச் சோப்புச் சீவல் போட்டுக் குலுக்கியும் பார்த்தேன். முதல் வாரம் நுரை பொங்கியது. மூன்றாம் வாரம் நுரையே இல்லை, திரிந்த பால் மாதிரி திட்டுத்திட்டாய் நின்றது. தண்ணீரை மாற்றினேன், நாலு நாளில் மறுபடி அதே கதை. சோப்பு கிடைக்காத காலத்தில் இப்படிச் சீவித் தள்ளினால் உன் அம்மா சும்மா இருப்பாளா, எனக்குக் குளிக்கச் சோப்பில்ல, மீனுக்கு நுரை கேக்குதோ என்றாள். மீன் செத்து மிதந்ததும் எனக்குக் கோபம் தலைக்கேறி, ஆற்றுக்கே போகாமல் வழிக் கிணற்றில் பீப்பாயை நிரப்பி வருகிறாய் என்று தெருவே கேட்க மாசானத்தை ஏசிவிட்டேன்.

அவன் மறுநாள் வண்டியை வாசலில் நிறுத்தி, சோப்பக் கொண்டாங்க ரைட்டரய்யா, பீப்பாய்த் தண்ணியில போட்டுப் பாப்போம் என்றான். குப்பி வாய்வரை நுரை. உள்ளே வந்து தொட்டியை எட்டிப் பார்த்தான். மலை மீன்களுக்கு நம் ஊர்ப் பெருமை தெரியட்டும், நீயும் வந்து ஆச்சரியப்படு என்று, இரண்டாம் வாரம் முத்துச்சிப்பி ஓடுகளைக் கூடை நிறைய அடியில் கொட்டி அலங்காரம் செய்திருந்தேன். இதச் சுட்டுத்தானய்யா வருசா வருசம் ஒங்க வீட்டுக்கு வெள்ளையடிக்கோம், சுண்ணாம்ப நீங்களே உள்ள போட்டுட்டு என்னய ஏசுதியளே என்றான். எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. ஏசின அதே தெருவில் வைத்து மன்னிப்புக் கேட்டேன். எங்கிட்ட எதுக்குக் கேக்கிய, செத்ததுகிட்டல்லா கேக்கணும் என்று சொல்லி மாட்டைத் தட்டிவிட்டான்.

சிப்பியெல்லாம் இப்போது அம்மாவின் செம்பருத்திச் செடி ஓரத்தில் கிடக்கிறது. மிஞ்சிய இரண்டும் ஓடி விளையாடுகின்றன, இது சத்தியம், அம்மாவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். வெள்ளையடிக்கிற வாரம் தொட்டி தன் வீட்டில் இருக்கட்டும் என்று மாசானம் கேட்டிருக்கிறான். சுண்ணாம்புக்குப் பயந்தா, எனக்குப் பயந்தா என்று நான் கேட்கவில்லை, சரி என்றுவிட்டேன்.

வேளைக்குச் சாப்பிடு, காதைக் கம்பளியால் மூடிக்கொள். கர்த்தர் உனக்குத் துணையிருப்பார். வரும்போது மறவாமல் சோப்பு நாலு கட்டி கொண்டு வா, மூன்று அம்மாவுக்கு, ஒன்று மாசானத்துக்கு. என் கையில் தரவேண்டாம்.

உன் அன்புள்ள அப்பா,
ஜே. எபனேசர்