‘இல்லை’ என்றால் மறுபடி கேள்

என் வீட்டு மேனேஜரம்மாவுக்கு,

உன் பெயின்டர் எழுதுவது. நான் நலம், மகள் நலம், வீடும் நீ விட்டுப்போன இடத்திலேயே நிற்கிறது. நீயும், அங்கே நீ வேலைக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளும் பெரியவர்களும் சுகமாக இருக்க வேண்டும்.

போனில் சொல்ல வெட்கப்பட்ட ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். போன வாரம் நூலக மாடியில் வகுப்பு முடிந்து எல்லாரும் எழுந்தபோது நானும் எழுந்தேன். நாற்காலியும் என்னோடு எழுந்தது. அது எட்டு வயதுப் பிள்ளைகளுக்குச் செய்த நாற்காலி. என் இடுப்பைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு பொடிசுகள் ஆளுக்கொரு காலைப் பிடித்து இழுத்துத்தான் கழற்றின. சிரிக்காதே. சிரித்துவிட்டாயா? சரி, மேலே படி.

சனிக்கிழமை சாயங்காலம் எங்கே போகிறீர்கள் என்று நீ கேட்டபோதெல்லாம் வேலை என்று மழுப்பினேன். உண்மையில் உன் புருஷன் கோடிங் படிக்கப் போகிறான். கம்ப்யூட்டர் என்ன செய்ய வேண்டும் என்று அதற்கு எழுதிக் கொடுக்கிற வேலை அது. பள்ளிக்கூடத்தில் ஐந்தாவதைத் தாண்டாத ஆள்தான், ஆனால் வாசலில் ‘வயது தடையில்லை’ என்று எழுதியிருக்கிறார்களே, படிப்பு தடை என்று எழுதவில்லையே.

நானாகப் போகவில்லை. மகளைத்தான் சேர்க்கப் போனேன். ஓயாமல் கத்துகிறாள் என்று நீதான் அவளுக்குச் சில்வண்டு என்று பேர் வைத்தாய். நீ போனதிலிருந்து அந்தப் பேர் அவளுக்குப் பொருந்தவில்லை. போனில் வெறும் ‘ம்’ மட்டும் போடுகிறாளே, என் மேல் கோபமா என்று கேட்டாய். எனக்கும் அதே ‘ம்’தான். சாப்பிட்டாயா, ம். பள்ளிக்கூடம் போனாயா, ம். நான் சொல்லாமல் மறைத்துவிட்டேன், நீ அங்கே கலங்குவாயே என்று. வகுப்பு வாசலில் என் சட்டையைப் பிடித்தவள் விடவே இல்லை. சொல்லிக்கொடுக்கிற பெண் பார்த்துவிட்டு, “அப்போ நீங்களும் உள்ள வாங்க சார், சட்டையைக் கழட்டிக் குடுத்துட்டுப் போக முடியாதில்ல?” என்றாள். போய் உட்கார்ந்தேன்.

அந்தப் பெண் மற்ற நாட்களில் போன் கடையில் வேலை பார்க்கிறாள். பிள்ளைகள் அக்கா என்கிறார்கள். கேட்டுக் கேட்டு எனக்கும் வாயில் அக்காதான் வருகிறது. என்னைவிட இருபது வயதாவது சின்னவள் இருப்பாள், பாவம், திரும்பிப் பார்க்கிறாள். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நர்சம்மா ஒருவர் என் பக்கத்தில் உட்காருகிறார். அவ்வளவு பிள்ளைகளுக்கு நடுவில் பெரியவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். அவர் வீட்டிலிருந்தே நாற்காலி கொண்டுவந்துவிடுகிறார். புத்திசாலி.

முதல் நாள் கம்ப்யூட்டரைத் தொடவே விடவில்லை. தெரிந்த வேலை ஒன்றை ஒவ்வொரு படியாக எழுதச் சொன்னாள், அதை அவள் மெஷின் மாதிரி அப்படியே செய்து காட்டுவாளாம். எனக்கு இதைவிடச் சுலபம் உண்டா? கதவுக்குப் பெயின்ட் அடிப்பதை எழுதினேன். துடை, தேய், பிரஷ்ஷைப் பெயின்டில் முக்கு, மேலிருந்து கீழே இழு. எழுதிவிட்டு நர்சம்மாவை ஒரு பார்வை வேறு பார்த்தேன். அக்கா பழைய டப்பா ஒன்றைக் கொண்டுவந்து வைத்தாள், பிரஷ்ஷை எடுத்தாள், மூடியின் மேல் டொக் டொக்கென்று குத்தினாள். வெறும் பிரஷ்ஷால் கதவைத் தடவினாள். மறுபடி வந்து மூடியைக் குத்தினாள். முகத்தில் ஒரு சலனம் இல்லை. நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

“அப்பா! மூடியைத் திறக்கவே சொல்லலப்பா நீ!” என்று ஒரு சத்தம்.

யாரென்று திரும்பினால் நம் சில்வண்டு. எழுந்து நின்று கத்துகிறாள். வகுப்பே சிரித்தது, அவள் அதைவிடச் சத்தமாகச் சிரித்தாள். இத்தனை வருஷமாக டப்பா திறக்கிற தொழிலில் இருக்கிறேன், திறப்பதை எழுத வேண்டும் என்று தோன்றவில்லை. எனக்கு அவமானமே வரவில்லை. இன்னும் ஏதாவது விட்டிருக்கக் கூடாதா என்றுதான் இருந்தது.

அன்றிலிருந்து அவள் ராஜ்யம். “கையை எடுப்பா, நானே அடிக்கிறேன்”, “சொன்னதைத்தான் செய்யும்ப்பா, நீ மனசுல நினைச்சதைச் செய்யாது” என்று இடுப்பில் கை வைத்துக்கொண்டு மிரட்டுகிறாள். உன்னை அங்கே அனுப்பியும் எனக்கு விடுதலை இல்லை.

வீட்டுச் செய்தி. குளியலறைக் குழாய் ஒழுகுகிறது, பார்த்துக்கொண்டிருக்கிறேன். அதாவது ஒழுகுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். மிச்சமிருந்த டப்பாக்களை எல்லாம் கலந்து சமையலறைக்கு ஒரு கோட் அடித்தேன். உன் தங்கை வந்து பார்த்துவிட்டு, “மாமா, இது என்ன கலர்?” என்றாள். நானும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். முட்டி வலி குறைந்திருக்கிறது. வேலை இருக்கிறது, இப்போது ஒரு பள்ளிக்கூடம் முழுக்க நம் கையில்.

இனி, நீ கேட்ட விஷயம். இன்னும் இரண்டு வருஷத்துக்கு இருக்கச் சொல்கிறார்கள், மாதக் கடைசிக்குள் கையெழுத்துக் கேட்கிறார்கள், போடட்டுமா, வந்துவிடட்டுமா என்றாய். உன் இஷ்டம் என்றேன். சுவருக்கு என்ன கலர் அடிக்கலாம் என்று கேட்கிறவர்களிடமும் அதைத்தான் சொல்வேன். நாளைக்குப் பிடிக்காமல் போனால் என் தலை உருளாது பார். தொழில் புத்தி. நீ போனை வைத்துவிட்டாய்.

அக்கா இந்த மாதம் ஒரு வேலை கொடுத்தாள். கேள்வி கேட்டுப் பதிலுக்கு ஏற்றபடி நடக்கிற புரோகிராம் ஒன்று செய்ய வேண்டும். நர்சம்மா, மாத்திரை போட்டாயா என்று அதட்டுகிற மாதிரி ஒன்று செய்தார். நானும் சில்வண்டும் சேர்ந்து செய்தோம். என்ன கேள்வி என்பதை அவளிடம் விட்டேன். திரையில் ஒரு பெண் பெட்டியோடு நிற்கிறாள். எதிரே ஒரு வீடு. “அம்மா, வர்றியா?” என்று சில்வண்டு தன் குரலையே பதிவுசெய்து வைத்தாள். ‘ஆம்’ அழுத்தினால் அந்தப் பெண் நடந்து வருவாள், கதவு திறக்கும். கதவுக்குக் கலர் நான்.

‘இல்லை’ அழுத்தினால் என்ன நடக்க வேண்டும் என்பதை நான் எழுத வேண்டும். எழுத வரவில்லை. அந்தப் பெண் எங்கே போவாள்? பெட்டியை என்ன செய்வாள்? சில்வண்டிடம் கேட்டேன். “தெரியல. மறுபடி கேக்கச் சொல்லுப்பா” என்றாள். அப்படியே எழுதினோம். பதிலே வராவிட்டாலும் கேள் என்று சேர்த்தாள். அக்கா வந்து பார்த்தாள். இது நிற்காமல் கேட்டுக்கொண்டே இருக்கும்மா, மூன்று தடவை கேட்டுவிட்டு நிறுத்திக்கொள்கிற மாதிரி வை, போதும் என்றாள். “போதாது” என்று சில்வண்டு இரண்டு கையையும் விரித்துக் கீபோர்டை மூடிக்கொண்டாள். அக்கா என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன், அதன் பெயின்ட் உரிந்திருக்கிறது. சரி, அப்படியே இருக்கட்டும் என்று அடுத்த மேசைக்குப் போய்விட்டாள்.

அதை உன் போனுக்கு அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறாள். வந்தால், தனியாக இருக்கும்போது திறந்து பார். எதை அழுத்த வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ‘இல்லை’ அழுத்துவதாக இருந்தால் பெரியவர்கள் தூங்கும் நேரத்தில் வேண்டாம், பாவம்.

அன்றைக்குப் போனில் சொன்னதைச் சொன்னதோடு சரி, உன் இஷ்டம் என்று இந்தக் கடிதத்தில் மறுபடி எழுதவில்லை, கவனித்தாயா? தேடிப் பார்த்துக்கொள். உடம்பைப் பார்த்துக்கொள். குளிருக்குக் காதை மூடிக்கொள். போகிற இடமெல்லாம் உனக்கு நல்லதே நடக்கட்டும், திரும்புகிற வழியும் அதில் ஒன்றாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
சின்ன நாற்காலிக்காரன்

பி.கு. நேற்று எல்லாருடைய வேலையையும் பெற்றோருக்குக் காட்டினார்கள். நூலகத்தின் தலைமை அதிகாரி எங்கள் மேசைக்கு வந்து, என்ன ஆகிறது பார்ப்போம் என்று ‘இல்லை’யை அழுத்தினார். கேட்டது. மறுபடி அழுத்தினார். மறுபடி கேட்டது. பெரிய ஸ்பீக்கரில் இணைத்திருந்தார்கள். அவர் மேடைக்குப் போய்ப் பேச ஆரம்பித்த பிறகும் கேட்டுக்கொண்டே இருந்தது. நிறுத்துவதற்காக அக்கா ‘ஆம்’ அழுத்தப் போனாள். “அதை அம்மாதான் அழுத்தணும்” என்று சில்வண்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். ஸ்பீக்கரைப் பிடுங்கிவிட்டு, மூடியைச் சாத்தினால் தூங்கிவிடும் என்று அக்கா தன் லேப்டாப்பைச் சாத்தினாள். தூங்கியது. பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினாள். பஸ் குலுக்கலில் மூடி திறந்து எழுந்துவிட்டது, பைக்குள்ளிருந்து மறுபடி “அம்மா, வர்றியா?” கூட்டத்தில் பையைத் திறக்க முடியவில்லை. கண்டக்டர் வந்து குழந்தைக்கும் டிக்கெட் எடுக்கச் சொன்னார். அரை டிக்கெட் எடுத்தாளாம்.