கிணற்றுக் கணக்கு

நோர்பரி, லண்டன்
தை மாதம், ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள சித்தப்பா,

பெரியவர்களுக்கு இப்படி எழுதுவது சரியில்லை. அம்மாவும் வேண்டாமென்றுதான் சொன்னா. மன்னித்துக்கொள்ளுங்கள். ஆட்களுக்கு முன்னால் எனக்கு வாய் வராது. அதனால்தான் இங்கே லண்டனில், செவன் கிங்ஸ் மண்டபத்தில் நீங்கள் பேசியபோது சோற்றுத் தட்டைப் பார்த்தபடி இருந்தேன்.

இங்கே எல்லோரும் சுகம். அப்பாவுக்கு முழங்கால் நோ குறையவில்லை. ஆனாலும் கடைக்குப் போகிறார்.

அன்று பெரியபிள்ளையான சடங்குக்கு, அந்தச் சாமத்திய வீட்டுக்கு வந்த சனத்துக்கு என்னைக் காட்டிச் சொன்னீர்கள்: "உவதான் எங்கட குடும்பத்தில முதல் டிகிரி எடுத்தவ. லண்டனில ரூமுக்குள்ள இருந்துகொண்டு கொம்பியூட்டரில சுவிஸ் பனியை எண்ணுறா. பிள்ளை, வெளியால வந்து ஒருக்கால் சறுக்கிப் பாரன்!" எல்லோரும் சிரித்தார்கள். நான் பட்டம் பெற்றபோது கேக்கின் மேல் என் படத்தைப் போடுவித்து வெட்டியவரும் நீங்கள்தான். உங்களுக்குப் படித்த பிள்ளை வேண்டும். அவள் படித்தது வேண்டாம்.

பிறகு சுவிஸ் மலையில் நீங்கள் சமைக்கிற ஹோட்டலின் திட்டத்தைச் சொன்னீர்கள். பனி விழாவிட்டால் மெஷினால் பனி அடிப்பார்களாம். அதற்கு மலை ஊற்றிலிருந்து இன்னும் கூடுதலாக இறைக்க வேண்டுமாம். அனுமதிப்பதா என்று வருகிற கிழமை உங்கள் ஊர்ச் சபையில் கை உயர்த்தி வாக்கெடுப்பு. "இந்த முறை பனிக்குப் பதிலா மழை ஊத்தித் தள்ளினது. ஊத்து நிரம்பித்தானே இருக்கும்? தண்ணி எங்க ஓடப்போகுது?" என்று கேட்டீர்கள்.

அது யாழ்ப்பாணத்துக் கிணற்றுக் கணக்கு, சித்தப்பா. அங்கே மாரி மழையைச் சுண்ணாம்புக்கல் குடிக்கும், கிணறு ஏறும். உங்கள் மலையில் குளிர்காலத்து மழை பெரும்பாலும் சரிவில் வழிந்து ஆற்றோடு போய்விடும். பனியாக விழுந்தால்தான் மேலே தங்கி, வெயில் ஏற ஏறக் கொஞ்சம் கொஞ்சமாக உருகி, ஆவணி வரைக்கும் ஊற்றுக்கு வரும். பனி குறைந்த வருடங்களில் உங்கள் ஊற்றும் குறைந்திருக்கிறது. ரூமுக்குள் இருந்துதான், அளந்த கணக்குகளில் பார்த்தேன்.

மெஷின் பனியும் உருகித் திரும்ப ஆற்றுக்குத்தானே போகிறது என்றும் சொன்னீர்கள். ஓம், போகும். காற்று ஒரு பங்கை உலர்த்தி எடுத்த பிறகு, சித்திரையில். மார்கழியில் நத்தார் விடுமுறைக்கு நான் வந்தபோது, மழை வழிந்து போய், மிச்சத்தை மெஷினுக்கு இறைத்ததில் ஆற்றுக் கற்கள் வெளியே தெரிந்தன. மீன்கள் அந்தக் கற்களுக்குள்தான் முட்டை இட்டிருந்தன. அவை சித்திரை மட்டும் காத்திருக்குமா? போர்த்துவதற்குப் பனியில்லாமல் மேட்டுப் பழச்செடிகள் குளிரில் கருகி நின்றன. நடுவே நீளமாக ஒரு வெள்ளைப் பட்டை. அதில் உங்கள் விருந்தினர்கள் சறுக்கிக்கொண்டிருந்தார்கள்.

ஹோட்டல் பூட்டினால் இந்த வயதில் உங்களுக்கு வேறு குசினி கிடைக்காது என்று எனக்குத் தெரியும். ஆனால் மெஷினுக்கும் குளிர் வேண்டும். மழை பெய்கிற உயரத்தில் அது எத்தனை வருடம் உங்களைக் காப்பாற்றும்?

அந்த ஊற்றைத்தான் மலையடியில் உங்கள் மகள் தக்ஷிகா அக்காவும் குடிக்கிறா. போன ஆவணியில் அது வற்றி, அவ வீட்டுக்குப் பவுசர் லொறியில் தண்ணீர் வந்தது. மேய்ச்சல் முடிய முதலே மாடுகளை மலையிலிருந்து இறக்கினார்கள். உங்கள் பேச்சைக் கேளாமல் மாடு வளர்க்கிற வெள்ளைக்காரனைக் கட்டினா என்று நீங்கள் அவவோடு கதைப்பதில்லை. அது உங்கள் வீட்டு விசயம். ஆனால் அன்று மண்டபத்தில், "தண்ணி இல்லாட்டி மாட்டை வித்துப்போட்டு வந்து என்ர குசினியில கோப்பை கழுவட்டும்" என்றீர்களே, அதற்கும் சனம் சிரித்தது. நான் அப்போது எழுந்து வெளியே போனேன். நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள்.

சித்தியைக் கேட்டதாகச் சொல்லுங்கள். அவவின் இருமலுக்கு அம்மா மருந்துச் சரக்கு அனுப்பியிருக்கிறா.

கேட்காமலே முடித்துவிடலாம் என்று பார்த்தேன். முடியவில்லை. கூட்டத்தில் கையை உயர்த்தாதீர்கள், சித்தப்பா. உயர்த்தத்தான் போகிறீர்கள் என்றால், அதற்கு முதல் ஒருக்கால் கீழே இறங்கிப் போய், அக்காவின் வாசலில் நின்று, குடிக்கத் தண்ணீர் கேளுங்கள். இருந்தால் தருவா.

உங்கள் அண்ணர் மகள்,
கஜந்தினி