சுண்டுவிரல் சாட்சி

ஆம்பூர்
ஞாயிறு மதியம்

அன்பு மகள் மேகலாவுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நானும் அப்பாவும் சுகம், என் வலது கால் சுண்டுவிரல் ஒன்றைத் தவிர. நீயும் மாப்பிள்ளையும் என் பேரனும் புனேவில் ஒரு குறையும் இல்லாமல் இருக்க தினமும் ஜெபிக்கிறேன். போனில் பேசினால் பாதியில் பிள்ளை அழுகிறான், நீ வைத்துவிட்டு ஓடுகிறாய், அதனால்தான் ஊறுகாய் பார்சலோடு இதையும் எழுதி வைக்கிறேன், அவன் தூங்கும்போது நிதானமாகப் படி.

ஷூ கம்பெனியில் இந்த மாதம் நான் பட்ட பாட்டைக் கேள். ஷிப்மென்ட் தலைக்கு மேல் நிற்கிறது, செக்‌ஷனில் பாதிப் பேர் இல்லை. குடியாத்தம் கெங்கையம்மன் திருவிழாவுக்குப் போனவர்கள் திரும்புவதற்குள் பக்ரீத் வந்துவிட்டது, பேரணாம்பட்டு ஆட்கள் கிளம்பிவிட்டார்கள். தப்பென்று சொல்லவில்லை, கிறிஸ்துமஸுக்கு நாம் போகும்போது அவர்கள்தானே நம் வேலையையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். ஆனால் மே மாதத்தில் பண்டிகை இல்லாத பாவி நான் ஒருத்திதான் என்பதுபோல எல்லாம் என் தலையில் விழுந்தது. காலையில் பசை, மத்தியானம் செக்கிங், சாயங்காலம் பேக்கிங், எங்கே ஆள் இல்லையோ அங்கே ஹெலனக்கா. வீட்டில் உன் அப்பா சமையலைக் கையில் எடுத்திருக்கிறார், தினமும் ரசம்தான், கேட்டால் வெயிலுக்கு நல்லது என்கிறார். வெயிலுக்கு யாராவது கொதிக்கக் கொதிக்க ரசம் குடிப்பார்களா.

இதற்கு நடுவில் எனக்கு ஒரே கவலை, பிள்ளையின் ஞானஸ்நானத்துக்கு வந்து சேர வேண்டுமே என்பதுதான். அவனை நான் இன்னும் கையில் தூக்கவே இல்லை, போனில் பார்த்ததோடு சரி. மேனேஜர் பரந்தாமன் சாரிடம் லீவு கேட்டால், சாம்பிள் ஷூ ஓகே ஆகட்டும், அது ஆகாமல் லீவுப் பேச்சே எடுக்காதே என்றுவிட்டார். சாம்பிளை ஒருத்தி காலில் போட்டு நடக்கவிட்டுப் பார்த்துத்தான் வாங்குகிறவர்கள் ஓகே சொல்வார்கள். எப்போதும் எங்கள் செக்‌ஷன் தேவிகா கால்தான், அளந்து செய்த மாதிரி சைஸ் முப்பத்தேழு. அவள் திருவிழாக் கூட்டத்தில் கால் பிசகி குடியாத்தத்தில் அம்மா வீட்டில் உட்கார்ந்துவிட்டாள். இருக்கிற பெண்கள் காலையெல்லாம் அளந்து பார்த்து கடைசியில் என் காலில் வந்து நின்றார்கள். இத்தனை வருஷம் ஷூ செய்துவிட்டு ரப்பர் செருப்பில் வீட்டுக்கு நடந்த கால், அதற்கு வந்த வாழ்வைப் பார்.

வாங்குகிறவர்கள் சார்பில் சென்னையிலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள். ஷூவை மாட்டியதும் எப்படி இருக்கு என்று கேட்டாள், விருந்துக்குப் போன வீட்டில் சொல்வதுபோல நல்லா இருக்கும்மா என்று சொல்லிவிட்டேன். நடந்து பாருங்க என்றாள். இரண்டு சுற்று போனதும் உள்ளே ஒரு தையல் மடிப்பு சுண்டுவிரலில் சுருக்கென்றது. பரந்தாமன் சார் பரீட்சை ரிசல்ட்டுக்கு நிற்கிற மாதிரி என் முகத்தையே பார்க்கிறார். உண்மையைச் சொல்கிறேன் மேகலா, பேசாமல் இருந்துவிடலாம் என்றுதான் தோன்றியது. சரியென்றால் எனக்கு லீவு, இல்லையென்றால் சர்ச்சில் ஐயர் உன் பிள்ளை தலையில் தண்ணீர் ஊற்றும்போது நான் இங்கே பசை டப்பாவோடு நிற்பேன். அழுகையே வந்துவிட்டது. ஆனால் எவளோ ஒருத்தி, பேர் ஊர் தெரியாது, இதை மாட்டிக்கொண்டு நாள் முழுக்க நின்று வேலை செய்வாளே, அவளும் என்னை மாதிரி நிற்கிறவள்தானே என்று நினைத்ததும் வாய் நிற்கவில்லை. "சுண்டுவிரல்ல பிடிக்குது சார். இதப் போட்டுக்கினு ஒரு நாள் நிக்க முடியாது" என்றேன்.

இன்னா ஹெலன், உன் லீவை நீயே கெடுத்துக்கினியே என்று சார் தலையில் கைவைத்துக்கொண்டார். ஷூவைப் பிரித்துப் பார்த்தால், தைத்த மடிப்பைத் தட்டாமலே விட்டிருக்கிறார்கள். சின்னச் சுத்தியால் அதைத் தட்டி மட்டமாக்குவது நம் ஹபீப் வேலை. அவன் பக்ரீத்துக்குப் போனதும் தையலுக்கு ஆள் போட்டார்கள், பசைக்கு ஆள் போட்டார்கள், தட்ட ஆள் போட ஒருத்தருக்கும் ஞாபகம் இல்லை. சும்மா டொக்கு டொக்கென்று உட்கார்ந்திருக்கிறானே என்று நானே அவனைக் கிண்டல் செய்திருக்கிறேன். நல்லவேளை, மீதியெல்லாம் ஷூ ஆகாமல் தைத்த தோலாகவே பெட்டியில் இருந்தது. இருந்தவர்கள் எல்லோரும் சுத்தியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தோம், சாரும் சட்டைக் கையை மடித்துவிட்டு உட்கார்ந்து தோலைவிடத் தன் விரலைத்தான் ஜாஸ்தி தட்டிக்கொண்டார். விஷயம் தெரிந்து ஹபீப் பண்டிகைக்கு மறுநாளே பஸ் ஏறி வந்துவிட்டான், தூக்கில் பிரியாணியோடு. நான் இல்லன்னா உங்களுக்கு பேஜார்தான் அக்கா என்று ஒரே அலட்டல், அலட்டிக்கொள்ளட்டும், தகும். தேவிகாவும் நொண்டிக்கொண்டே வந்து உட்கார்ந்தபடி செக்கிங் பார்த்தாள். நேற்று புது சாம்பிளைப் போட்டு நடந்தேன், விரல் இருப்பதே தெரியவில்லை, ஓகே ஆகிவிட்டது. மிச்சத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், அக்கா பேரனைப் பார்க்கட்டும் என்று ஹபீபும் தேவிகாவும் சாரிடம் பேசி என் லீவை வாங்கிக் கொடுத்துவிட்டார்கள்.

அடுத்த வாரக் கடைசியில் ரயில் ஏறுகிறோம். அப்பா ரசப்பொடி இடித்து வைத்திருக்கிறார், மாப்பிள்ளையைத் தயாராக இருக்கச் சொல். நீ வேளைக்குச் சாப்பிடு, பிள்ளை தூங்கும்போது நீயும் தூங்கு, துவைக்கிற துணி எங்கேயும் போய்விடாது. கர்த்தர் உங்கள் மூவரையும் தம் செட்டைகளின் கீழே வைத்துக் காப்பாராக.

மறந்துவிடாதே, பார்சல் கிடைத்ததும் பிள்ளையின் இரண்டு பாதத்தையும் தாளில் வைத்து பென்சிலால் சுற்றி வரைந்து, பக்கத்தில் ஸ்கேல் வைத்து போட்டோ எடுத்து அனுப்பு. மெத்தென்ற துண்டுத் தோல் இருக்கிறது, ஹபீப் குட்டி ஷூ செய்து தருகிறேன் என்றிருக்கிறான். கொஞ்சம் தாராளமாகவே வரை. விரல்ல பிடிக்குது என்று சொல்ல பிள்ளைக்கு இன்னும் வாய் வரவில்லை.

அவனைத் தூக்கக் கை பரபரக்கும்
உன் அம்மா
ஹெலன் தானியேல்