கோழி சொன்னால் அது வேறு கதை

சமையலறை மேடையில் கிடக்கும் கொய்யாப்பழ வாசனை வீடெல்லாம் பரவியிருக்கிறது. பக்கத்துப் பள்ளிக்கூடத்து டீச்சர் இன்று பாப்பாவுக்கென்று வாங்கி வந்தவை. ஒன்றை நறுக்கலாம் என்று கத்தியை எடுத்தேன். நீ நினைவில் வந்து நின்றாய்.

வந்தவாசி பஸ்ஸில் நாம் கல்லூரிக்குப் போகும்போது கொய்யாவை மிளகாய்த்தூளில் தொட்டுத் தின்றுகொண்டே எனக்குச் சிறுகதைப் பாடம் நடத்துவாய். கதைக்கரு, முரண், உச்சம் எல்லாம் எப்படியோ மண்டையில் ஏறிவிட்டன. கதையை யார் கண்ணால் சொல்வது என்ற நோக்குநிலை மட்டும் ஏறவில்லை. பரீட்சைக்கு முந்தின நாள், ஒயர் பையில் கோழியோடு ஓர் அம்மா ஏறினார். கோழிக்கும் டிக்கெட் கேட்டார் கண்டக்டர்.

"மடியில வெச்சிகினு வர்றதுக்கு இன்னாத்துக்குய்யா டிக்கெட்டு?"

"மடியிலயா கீது? சீட்டுக்கு அடியில கத்திகினு கெடக்குது!"

பஸ்ஸே சிரித்தது. நீ என் காதருகே குனிந்தாய்.

"அந்தம்மா சொன்னா கண்டக்டர் அநியாயக்காரன். கண்டக்டர் சொன்னா அந்தம்மா ஒரே பேஜாரு. கோழி சொன்னா? எங்க போறேன்னு அதுகிட்ட யாராச்சும் கேட்டாங்களாடி? இதான் நோக்குநிலை."

மறுநாள் விடைத்தாளில் அந்தக் கோழியைத்தான் எழுதினேன்.

படிப்பு முடிந்த அடுத்த மழைக்காலத்தில் ஒரு காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய்விட்டது. என் கல்யாணத்தை நீ பார்க்கவில்லை. ஆரணியில் இந்த விசைத்தறி வீட்டையும் பார்க்கவில்லை. தறிச் சத்தத்தில் பேசினால் பக்கத்தில் இருப்பவருக்கே கேட்காது. பேசுவதையே விட்டுவிட்டேன். பாப்பாவுக்கு ஒருமுறை காய்ச்சலில் வலிப்பு வந்தது. அன்றிலிருந்து அவள் தூங்கும்போதெல்லாம் மூக்கருகே விரல் வைத்துப் பார்க்கிறேன். கேட்டைத் தாண்ட நினைத்தாலே மூச்சடைக்கிறது. உள்ளேயே இருந்தாலும் அடைக்கிறது.

டீச்சர் வந்தது என்னைத் தமிழ் நடத்தக் கூப்பிடுவதற்கு. திங்கட்கிழமைக்குள் பதில் சொல்லாவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்களாம். நான் சமையலறையில் காபி ஆற்றிக்கொண்டிருந்தேன். அப்போது கரண்ட் போய்த் தறிகள் நின்றன. கூடத்தில் மாமியார் பேசியது தெளிவாகக் கேட்டது.

"அவளே வேணாம்னுட்டா டீச்சர். கொழந்தய வுட்டுட்டு வரமாட்டாளாம். நாங்க இன்னா, கட்டியா போட்டு வெச்சிருக்கோம்?"

அதைப் பொய் என்றும் சொல்ல முடியவில்லை. வேண்டும் என்று நான்தான் ஒருநாளும் வாய் திறந்ததில்லையே. அவர் தன் கண்ணுக்குத் தெரிந்த கதையைச் சொன்னார். கையிலிருந்த டம்ளரோடு கூடத்துக்குப் போனேன்.

"நான் வேணாம்னு சொல்லலீங்க, டீச்சர்."

"இன்னாடி இது புதுசா?" என்றார் மாமியார்.

டீச்சர் என்னையே பார்த்தார். "அப்ப வர்றியாம்மா?"

என் கண் பாப்பாவின் தூளிக்குப் போனது. "திங்கக்கெழமை நானே வந்து சொல்றேங்க."

கரண்ட் வந்துவிட்டது. தறிகள் ஓடுகின்றன. மாமியார் இன்னும் என்னோடு பேசவில்லை. அந்தக் கோழிப் பையின் வாய் கட்டியபடியேதான் இருக்கிறது. ஆனால் சீட்டுக்கு அடியிலிருந்து வந்த சத்தத்தை எல்லோரும் கேட்டுவிட்டார்கள்.

இது போதும் என்று நீ விடமாட்டாய். எந்தக் கதையையும் நான் பாதியில் நிறுத்தினால் என் தோளைப் பிடித்து உலுக்குவாயே, அந்தக் கை இப்போதும் தோளில் இருக்கிறது.

"அப்பறம் இன்னாடி ஆச்சு?"