வெளியே இருந்து பூட்டுகிற கதவு

வெள்ளி, 1 நவ. 96

ஆபிரிக்கக் காற்று. பல்கனி முழுக்கச் சிவப்பு மண். இரண்டு தரம் கழுவியும் போகவில்லை. வெள்ளிக் கரண்டிகள் பாதிதான் மினுக்கியது.

காலைப் பூசைக்குப் போய்த் திரும்பினால் என் எசமானி சிஞ்ஞோரா வீட்டில் இல்லை. தொப்பியும் இல்லை. எழுதுமேசையில் பேனா மூடாமல். எண்பத்தொரு வயது! பார்மசி, பாண்கடை, கோவில், எங்கும் இல்லை. ஒன்றரைக்கு ரெலிபோன். பிரான்காச்சோவில், பஸ்ஸின் கடைசித் தரிப்பில் இருக்கிறாராம். கைப்பைக்குள் நான் எழுதி வைத்த நம்பர் உதவியது.

போனால், சாரதியின் ஜாக்கெட்டைப் போர்த்துக்கொண்டு, மடியில் சீனிப்பொம்மையுடன் ராணி மாதிரி இருக்கிறார்.

“நாளைக்குச் செத்தவையின்ரை நாளெல்லோ. ஜூலியோ விடிய எழும்பிப் பொம்மையைத் தேடுவான்.”

இந்த ஊரில் அன்றைக்குப் பிள்ளைகளுக்கு இறந்தவர்கள் பரிசு கொண்டு வருவார்களாம். ஜூலியோ இவருடைய ஒரே மகன். மிலானில் வக்கீல். வயது ஐம்பத்துமூன்று.

ஞாயிறு, 3

மழை. ஜூலியோவின் ரெலிபோன். கதை அவர் காதுக்குப் போய்விட்டது.

“இனி வெளியில போனால் பூட்டிப்போட்டுப் போ. ரெண்டு சுத்து. அம்மாவின்ரை திறப்பை எடுத்து ஒளி. ஏலாதெண்டால் சொல்லு, டிசம்பரில கன்னியாஸ்திரிமாற்றை முதியோர் இல்லத்தில விடுறன்.” பிறகு, ஏதோ நினைவு வந்தவர் போல: “உன்ரை பெர்மெஸ்ஸோவும் டிசம்பரிலதானே முடியுது? சனிக்கிழமை வந்து வேலைக் கடுதாசியில கையெழுத்து வைக்கிறன்.”

அவர் கையெழுத்து இல்லாமல் பெர்மெஸ்ஸோவை, இங்கே தங்கும் அனுமதியை, புதுப்பிக்க முடியாது. “ஓம் சிஞ்ஞோர்” என்றேன். நாக்கு அப்படிப் பழகிப்போச்சு. சீ.

இந்த நாட்டில் நான் வேலை செய்த முதல் வீட்டைப் பற்றி இதில் எழுதுவதில்லை என்று இருந்தேன். சுருக்கமாக எழுதுகிறேன். பகேரியாப் பக்கம் ஒரு பழைய வில்லா. ஏஜென்சிக்காரன் கொண்டுபோய் விட்டான். பாஸ்போர்ட்டை வாங்கி அலுமாரிக்குள் வைத்தார்கள். நாலு வருசம் ஏழு மாதம். சம்பளம் இல்லை, அடி உண்டு. அவர்கள் வெளியே போனால் என்னை உள்ளே வைத்துப் பூட்டு. ஓர் ஓகஸ்டில் கடலுக்குப் போய்ப் பதினொரு நாள் வரவில்லை. பாண் ஆறாம் நாளோடு சரி. கடைசியில், குழாய் திருத்த வந்தவன் கதவைத் திறந்தபடி விட்டுவிட்டு தன் வான் வண்டிக்குப் போன நேரம் ஓடினேன்.

அடுத்த மாதம் இந்த வீட்டில் வேலை. சிஞ்ஞோரா முழுக்கக் கேட்டுவிட்டு, “அது வேலையில்லை, அடிமைத்தனம்” என்றார். அதுவரை எனக்கு அந்தச் சொல் தோன்றியதில்லை. பொல்லாத காலம் என்றுதான் நினைத்திருந்தேன். மறுநாள் தொப்பி போட்டு, டாக்சி பிடித்துப் போய், என் பாஸ்போர்ட்டைக் கைப்பையில் கொண்டு வந்தார். அங்கே என்ன கதைத்தார் என்று இன்றுவரை சொல்லவில்லை.

அந்த மனிசியை நான் பூட்ட வேண்டுமாம்.

திங்கள், 4

பதினொரு மணிக்கு வழமையான வாசிப்பு. சிஞ்ஞோரா தான் எழுதுகிற நாவலை வாசிப்பார், நான் பக்க நம்பர் போட்டுக் கருத்துச் சொல்வேன். இன்று, சமையற்காரி ஒருத்தி அழுகிற இடம்.

“அழுதுகொண்டு ஆர் சிஞ்ஞோரா கோழி வெட்டுறது? முதல் வெட்டி முடிக்கட்டும், பிறகு ஆறுதலா அழட்டும்” என்றேன்.

“நீர் பொல்லாத மனுசன்” என்று சிரித்துக்கொண்டே அரைப் பக்கத்தைக் கீறி எறிந்தார். நம்பர் போடப் போனால், போன கிழமை எழுதிய அதே மூன்றாம் பக்கம். 3 என்று போட்டேன். இப்போது எங்களிடம் நாலு மூன்றாம் பக்கம் இருக்கிறது.

செவ்வாய், 5

வாங்க: கத்தரிக்காய், எலுமிச்சை, சி.யின் இருமல் பாணி, சப்பாத்துப் பூச்சு.

திரேசம்மா அக்கா வந்தார். மேல்மாடி வீட்டில் வேலை, மன்னார் ஆள், வாய் கொஞ்சம் நீளம். ஜூலியோ சொன்னதைச் சொன்னேன்.

“பூட்டிப்போட்டு வாரும் தம்பி. அரை மணித்தியாலம்தானே. மனிசி காரில அடிபட்டுச் செத்தா ஆர் பதில் சொல்லுறது? நீரோ?”

“உங்களை ஆரும் பூட்டி வச்சவையோ அக்கா?” என்று கேட்டுவிட்டேன். பாவம், முகம் சுருங்கிப் போனார். அவர் சொன்னதில் பிழையும் இல்லை. அதுதான் எரிச்சல்.

புதன், 6

பூட்டினேன். எழுதத்தான் வேண்டும். பூட்டினேன்.

இருமல் பாணி முடிந்துவிட்டது. சி. கதிரையில் நித்திரை. பார்மசிக்குப் போய்வர இருபத்தைந்து நிமிடம். அவருடைய திறப்பையும் எடுத்துக்கொண்டேன். இரண்டு சுற்று. படியில் ஓடி இறங்கினேன்.

திரும்பி வந்து திறந்தால், கதவடியில் ஒரு கதிரை. அதில் தொப்பியும் சப்பாத்துமாகச் சி. என்னைக் கண்டதும் எழும்பி நின்றார்.

“நான் ஒண்டிலையும் கை வைக்கேல்லை. குசினிக்குள்ளையும் போகேல்லை. கோவிக்காதையும்.”

கடவுளே. முதல் வீட்டில் திறப்புச் சத்தம் கேட்டதும் நானும் இப்படித்தான் எழும்பி நிற்பேன். கேட்க முதலே, ஒன்றும் எடுத்துத் தின்னவில்லை என்பேன். அதை நான் இவருக்குச் சொன்னதே இல்லை. பூட்டினால் எல்லாருக்கும் அந்தக் கதைதான் வாயில் வரும் போல.

குசினிக்குள் போய் நன்றாக அழுதேன். சோஸ் அடிப்பிடித்தது. “நல்லாயிருக்கு” என்று சாப்பிட்டார்.

வெள்ளி, 8

வெயில். சி.யையும் கூட்டிக்கொண்டு சந்தைக்கு. ஒரு கட்டுக் கீரைக்கு மூன்று மணித்தியாலம்! எல்லாக் கடையிலும் நின்று கதை. மீன்காரனிடம் மீன் பழசு என்று சண்டை. (பழசுதான்.) என் கையை ஒரு நிமிடம் விடவில்லை. “இவர் ஆர், நேர்ஸோ?” என்று அவன் கேட்க, “என்ரை முதல் வாசகர்” என்றார். எனக்குக் காது சுட்டது.

வரும் வழியில் தி. அக்காவிடம் கேட்டேன், நான் பெர்மெஸ்ஸோவுக்காகக் குவெஸ்தூராப் பொலிசுக்கு அலைகிற நாளில் வந்து இருப்பீர்களோ என்று. “இதையும் கேக்கோணுமோ, விசர்” என்றார்.

சனி, 9

ஜூலியோ விடிய விமானத்தில் வந்தார். சாப்பாட்டு மேசையில் என் வேலைக் கடுதாசி, அவர் கையில் பேனா.

“பூட்டுறியோ?”

“ஒருக்காப் பூட்டினனான். இனி ஏலாது சிஞ்ஞோர். போற இடமெல்லாம் கூட்டிக்கொண்டு போறன். ஏலாத நாளில திரேசம்மா வந்து இருப்பா.”

“திரும்பவும் ஓடிப்போனால்? எனக்கு அம்மா ஒராள்தான்.” குரல் உடைந்தது. முதல் முறையாக அவர்மேல் எனக்கு இரக்கம் வந்தது. ஆனால் பிறகு, “பூட்டாட்டில் கையெழுத்து இல்லை” என்றார்.

இரண்டு திறப்பையும் கடுதாசிமேல் வைத்தேன். “பூட்டத்தான் வேணுமெண்டால் நீங்கள் பூட்டுங்கோ. நான் உள்ளுக்கை அவவோடை நிக்கிறன்.”

பிடிவாதத்தில் தாயேதான். திறப்புகளை எடுத்துக்கொண்டு விறுக்கென்று வெளியே போனார். இரண்டு சுற்று.

சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சத்தம் கேட்டு எழுதும் அறையிலிருந்து சி. வந்தார். என்னைப் பார்த்தார், கதவைப் பார்த்தார். போய் உள்ளங்கையால் படார் படாரென்று கதவில் அடித்தார்.

“ஜூலியோ! திறவடா கதவை! உள்ளுக்கை ஆக்கள் இருக்கினம்!”

பிறகு திறப்பு மெதுவாக இரண்டு சுற்றுத் திரும்பியது. வாசலில் ஜூலியோ, காது இரண்டும் சிவந்து.

“சப்பாத்தைத் துடைச்சுப்போட்டு வா” என்றார் சி.

துடைத்துப்போட்டு வந்தார். வந்திருந்து கையெழுத்து வைத்தார். பெயர் கோணலாகிவிட்டது. குவெஸ்தூராவில் ஏற்பார்களோ தெரியாது.