நாக்கோடு சின்னச் சின்ன வம்பு

மச்சான்,

மணி நாலு. எதிர் பேக்கரியில் வெங்காயப் போண்டா எண்ணெயில் விழுந்த வாசம் ஜன்னல் வழியாக வந்துவிட்டது. செருப்பை மாட்டினேன், கழற்றினேன், மறுபடி மாட்டினேன். கால் ஒரு இடத்தில் நிற்க மாட்டேன் என்கிறது. கைக்கு வேலை கொடுத்தால் கால் அடங்கும் என்று இதை எழுத உட்கார்ந்தேன்.

ஆமாங்க, நானேதான் எழுதுகிறேன். நல்லூர் பள்ளிக்கூடத்தில் பெரியவர்களுக்கென்று மாலையில் நடக்கும் வகுப்பில் கற்றுக்கொண்டேன். நான் ஒரு வரி முடிப்பதற்குள் பேக்கரியில் அடுத்த ஈடு போட்டுவிடுகிறார்கள். இருந்தாலும், எழுதின வரியை நானே வாசித்துப் பார்க்கிற சுகம் போண்டாவில்கூட இல்லை. சரி, பொய் எதற்கு? போண்டாவை விடக் கொஞ்சம் குறைவுதான்.

பனியன் கம்பெனியில் நீங்கள் கட்டிங் மாஸ்டர், நான் அயர்ன் மாஸ்டர். கம்பெனியில் நடந்த மருத்துவ முகாமில் நம் இருவருக்கும் ஒரே நாளில் சர்க்கரை என்று சொன்னார்கள். நாளையிலிருந்து எல்லாவற்றையும் விட்டுவிடுகிறேன் என்று நான் சூளுரைத்தேன். நீங்கள் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தீர்கள்.

"நாக்கோட பெரிய சண்டைக்குப் போவக் கூடாதுங்க மாப்ள. சின்னச் சின்ன வம்பா இழுக்கோணும்."

அப்படித்தான் பந்தயம் தொடங்கியது. சனிக்கிழமை சம்பளம் வாங்கினால் அடுத்த சனிக்கிழமை வரைக்கும் ஒரே ஒரு வம்பு. ஒரு வாரம் டீயோடு போண்டா கிடையாது. இன்னொரு வாரம் மறுசோறு கிடையாது, வேறொரு வாரம் முறுக்கு கிடையாது. தோற்றவர், தைத்த பனியனைச் சரிபார்க்கும் செக்கிங் பெண்கள் முன்னால் நின்று பச்சைப் பாகற்காய் தின்ன வேண்டும். பெரும்பாலும் நான்தான் தின்றேன்.

வெள்ளைச் சர்க்கரையை விட்ட வாரம் நினைவிருக்கிறதா? இருவருமே அசரவில்லை. எல்லா டீக்கும் நாட்டுச்சர்க்கரை. அது நம்ம கரும்புதானுங்களே, அது என்ன செய்யும் என்று தாராளமாகப் போட்டுக் கலக்கினோம். வழக்கத்தைவிட அதிகமாகவே குடித்தோம். வாரக் கடைசியில் ரத்தம் கொடுத்துவிட்டு, பரிசு வாங்கப் போகிறவர்கள் போல டாக்டரம்மா முன்னால் உட்கார்ந்தோம்.

"ரெண்டு பேரும் போட்டி போட்டு ஏத்திட்டு வந்திருக்கீங்களா?" என்றார் அவர்.

"வெள்ளையைத் தொடவே இல்லீங்கம்மா" என்றீர்கள்.

"நெறத்தை மாத்திட்டா நோய்க்கு அடையாளம் தெரியாதா?"

அந்தச் சனிக்கிழமை நாம் எதிரெதிரே நின்று பாகற்காய் தின்றோம். "ஏனுங்ணா, உப்பு வேணுமுங்களா?" என்று செக்கிங்கிலிருந்து ஒரு பெண் கேட்டாள். "உப்பு வேண்டாமுங்க அம்மிணி, நாட்டுச்சர்க்கரை இருந்தாக் குடுங்க" என்றீர்கள். அன்றைக்கு மெஷின் சத்தத்தை மீறிச் சிரித்தார்கள்.

நீங்கள் தூக்கத்திலேயே போய்விட்ட பிறகு நான் தனியாகப் பந்தயம் கட்டிப் பார்த்தேன். தோற்பவனும் நான், தீர்ப்புச் சொல்பவனும் நான். ஒவ்வொரு முறையும் என்னை மன்னித்துவிட்டேன். கடைசியில் கால் பெருவிரலில் ஒரு புண் வந்து உட்கார்ந்துகொண்டது. சர்க்கரை இறங்கிப் புண் மூடவில்லையென்றால் விரலை எடுத்துவிட வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வாசலுக்கும் அடுப்படிக்கும் நடக்கிறேன். அப்படி நடக்கக் கூடாது என்பதும் தெரியும்.

துக்க மாதங்கள் முடிந்த பிறகு, நெருப்பெரிச்சல் ஊரில் இருக்கும் உங்கள் வீட்டுக்குப் போனேன். உங்கள் மனைவி பாதியாகிவிட்டார். சாப்பிட்டீர்களா என்று கேட்டேன்.

"ஒருத்திக்கு எதுக்குங்ணா ஒல வெக்கோணும்? டீயும் பன்னும் போதும்."

எனக்கு என்ன தோன்றியதோ, பந்தயம் என்று சொல்லிவிட்டேன். நான் பேக்கரிப் படி ஏறக் கூடாது. அவர் மத்தியானம் காயோடு ஒரு தட்டுச் சோறு சாப்பிட வேண்டும். ஒவ்வொரு வாரமாகப் பார்ப்போம் என்றேன்.

"உங்க மச்சானோட கட்டுன மாதிரியா? அவரு ஊட்டுக்கு வந்து முறுக்கு திங்கறது உங்களுக்குத் தெரியாதுங்களாக்கு? 'மாப்ளைகிட்டச் சொல்லிப்போடாத'ன்னு கதவைச் சாத்திட்டல்ல திம்பாரு!"

மச்சான்! உங்களுக்கு என்ன வைராக்கியம் என்று நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேனே! அத்தனை பாகற்காயும் சும்மா தின்றேனா? வரும் வழியெல்லாம் பஸ்ஸில் உங்களைத் திட்டிக்கொண்டும் சிரித்துக்கொண்டும் வந்தேன். பக்கத்தில் இருந்த வடநாட்டுப் பையன் எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டான்.

நேற்று கட்டு மாற்றிய நர்ஸ், புண்ணின் ஓரம் காய்கிறது என்றாள். விரல் தங்குமா என்று டாக்டரம்மா திங்கட்கிழமைதான் சொல்வார். இப்போது, எழுதிக்கொண்டிருக்கும்போதே போன் வந்தது.

"ஏனுங்ணா, எங்க இருக்கறீங்க? பேக்கரிச் சத்தம் கேக்குதுங்களே?"

"ஊட்டுக்குள்ளதானுங்க அம்மிணி. அது எதுத்தாப்பல போடற சத்தம். நீங்க என்ன சாப்புட்டீங்க?"

"அவரைக்காப் பொரியல். ஒரு தட்டுச் சோறு. நீங்க தோத்தாலும் நான் தோக்க மாட்டனுங்க" என்று வைத்துவிட்டார்.

உங்களை நினைத்தால் எல்லோரும் சொல்வது போல எனக்கு அழுகை வருவதில்லை மச்சான். தோற்கக் கூடாது என்ற வீம்புதான் வருகிறது.