பின்னால் உருட்டிய சக்கரம்

விழுப்புரம், 1961 ஆகஸ்ட், திங்கள் இரவு.

கணக்கென்றாலே மிரளும் எட்டாம் வகுப்புப் பெண்களுக்காக அட்டையில் ஒரு சக்கரம் வெட்டிக்கொண்டு போயிருந்தேன். விளிம்போரம் ஒரு துளை. அதில் பென்சிலை நுழைத்து ஸ்கேலை ஒட்டி உருட்டினால், காகிதத்தில் வளைவு வளைவாகக் கோடு விழும். சூத்திரம் எதுவும் தெரிய வேண்டாம், உருட்டத் தெரிந்தால் போதும்.

"ரயில் சக்கரம்னு நெனச்சிக்குங்க" என்று நான்தான் சொன்னேன். அந்தப் பெண்களில் செல்வியும் எதிரில் இருந்தது அந்த நேரம் மனதில் படவில்லை. அவள் அப்பா போன மாதம்தான் ஜங்ஷன் யார்டில் ரயில் பெட்டிகளை ஒன்றோடொன்று மாட்டும்போது சக்கரத்தில் சிக்கி இறந்தார்.

மணி அடித்து எல்லோரும் போன பிறகும் அவள் உருட்டிக்கொண்டே இருந்தாள்.

"என்னம்மா பண்றே?"

"பின்னாடி உருட்டிக்கினு வர்றேன் டீச்சர். போட்ட கோடு அழிய மாட்டேங்குதுங்க. இன்னும் கருப்பாவுது."

சக்கரத்தையும் பென்சிலையும் வீட்டுக்கு எடுத்துப் போகட்டுமா என்று கேட்டாள். தலையாட்டிவிட்டேன்.

இப்போது யார்டில் பெட்டிகளைப் பின்னால் தள்ளும் சத்தம் கேட்கிறது. அவள் வீடு யார்டுக்கு இன்னும் பக்கம். அந்தப் பென்சிலையாவது வாங்கி வைத்திருக்கலாம்.